திறக்கிற பெட்டியும் திறக்காத பெட்டியும்

சாலிகிராமத்தில் நண்பர் ஒருவரின் எடிட் சூட்டில், மேசைக்குக் கீழே ஒரு டவர் நிற்கிறது. ஆப்பிளின் 2010 மாடல் மேக் ப்ரோ. அதன் முன்பக்க ஓட்டைகளைப் பார்த்து வெளிநாட்டில் ‘சீஸ் துருவி’ என்று பேர் வைத்தார்கள். நம்மூர்க் கண்ணுக்கு அது சல்லடை. போன மாதம் அவர் அதைத் தூசு தட்டும்போது நானும் கூட இருந்தேன். பின்பக்கம் ஒரு லீவர். அதைத் தூக்கினால் பக்கவாட்டுத் தகடு முழுசாகக் கையோடு வந்துவிடுகிறது, ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்ட தட்டுகள். தட்டை இழுத்தால் ஹார்ட் டிஸ்க் வெளியே வரும். வேறொன்றை மாட்டித் தள்ளினால் ‘டக்’கென்று போய் உட்காரும். வயர் என்ற பேச்சே இல்லை. அதற்குக் கீழே, ப்ராசஸரும் ரேமும் இருக்கும் பலகை மேசை டிராயர் மாதிரி முழுதாக வெளியே வருகிறது.

நண்பர் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர். அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேம் வாங்கிப் போட்டார். எஸ்எஸ்டி போட்டார். யூஎஸ்பி 3 கார்டு போட்டார். அந்த மெஷின் செய்யப்பட்டபோது அதில் யூஎஸ்பி 3 கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டை இரண்டு தடவை மாற்றினார். கடைசியில் ப்ராசஸரையே கழற்றிவிட்டு வேகமான ஜியான் ஒன்றை வைத்தார். ‘பழைய பெட்டி’ என்று அதைச் சொல்கிறோமே தவிர, தகடும் மதர்போர்டும் பவர் சப்ளையும் தவிர அதில் பழையது அதிகம் இல்லை.

அதே மேசையின் மேல் ஒரு மேக் ஸ்டூடியோ. ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் சதுரம், ஒன்பதரை சென்டிமீட்டர் உயரம். டிபன் பாக்ஸ் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கீழே இருக்கும் டவர் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டு செய்த ரெண்டரை, அதாவது வெட்டிய காட்சிகளை முழு வீடியோவாக்கும் வேலையை, இது நாம் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடுகிறது. சத்தமும் இல்லை. ஆனால் இதில் அவர் போட்டது என்று ஒன்றுமே கிடையாது. வாங்கிய அன்றைக்கு என்ன இருந்ததோ, தூக்கிப்போடும் அன்றைக்கும் அதேதான் இருக்கும்.

இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி. இரண்டுமே தொழில் செய்கிறவர்களுக்கு என்று சொல்லித்தான் விற்கப்பட்டன. ஆப்பிள் இன்னும் தொழில்முறை ஆட்களுக்குத் தேவையான வன்பொருளைச் செய்கிறதா என்ற கேள்வி பத்துப் பதினைந்து வருஷமாக அடிக்கடி எழுந்து அடங்குவதற்குக் காரணம், இந்த இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலிருக்கும் ஒன்றரை அடி தூரத்தில்தான் இருக்கிறது. வேகத்தைக் கேட்டால் ஒரு பதில். தன் கருவியின் மேல் தொழிலாளிக்கு எவ்வளவு கை இருக்கிறது என்று கேட்டால் வேறு பதில்.

முதலில், யார் இந்தத் தொழில்முறை ஆள்? சென்னையிலேயே எண்ணிப் பார்க்கலாம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் எடிட்டர்கள், சவுண்ட் மிக்ஸிங் ஆட்கள், படத்தின் நிறத்தைக் கணினியில் சரிசெய்யும் டி.ஐ. ஆட்கள், கிராஃபிக்ஸ் கம்பெனிகள். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கம் அச்சு வேலைக்காரர்கள். ஓஎம்ஆர் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள். ஊர் முழுக்கக் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள். இவர்களில் ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு வேண்டாம். மென்பொருள் எழுதுகிறவருக்கு நல்ல கீபோர்டும் நாள் முழுக்க நிற்கும் பேட்டரியும் போதும். சவுண்ட் ஸ்டூடியோவுக்குக் கார்டு செருகும் ஸ்லாட் வேண்டும். கிராஃபிக்ஸ் ஆளுக்குக் கிராஃபிக்ஸ் கார்டுதான் சோறு. ‘ப்ரோ’ என்ற ஒரே சொல்லை இவர்கள் அத்தனை பேரின் தலையிலும் வைத்து விற்பதில்தான் பாதிக் குழப்பம்.

மேக் ப்ரோ என்ற பெயர் 2006 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன்பிருந்த பவர் மேக் ஜி5-இன் உடம்புக்குள் இன்டெல் ஜியான் ப்ராசஸரை வைத்தார்கள். அன்றைக்கு சென்னையில் ஆப்பிளின் எடிட் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ, எல்லோரும் சொல்வதுபோல எஃப்.சி.பி., நன்றாகப் பரவிக்கொண்டிருந்தது. அவிட் என்ற இன்னொரு எடிட் மென்பொருளை வாங்கக் காசில்லாதவர்கள் ஒரு டவரும் ஒரு எஃப்.சி.பி.யும் வைத்துத் தொழில் ஆரம்பிக்கலாம் என்ற நிலை. சின்ன சின்ன எடிட் சூட்கள் முளைத்தன.

சரிவு 2011-இல் தொடங்கியது என்று சொல்லலாம். அந்த ஜனவரியோடு எக்ஸ்சர்வ் என்ற சர்வர் வரிசையை நிறுத்தினார்கள். ஜூனில் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தது. அது பழைய ப்ராஜெக்டுகளைத் திறக்காது. பல கேமராக் காட்சிகளை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் கிடையாது. அது அடுத்த ஜனவரியில்தான் வந்தது. சவுண்ட் ஆளுக்கு ட்ராக்கைப் பிரித்து அனுப்பவும் வழியில்லை. அது மென்பொருள்தான், வன்பொருள் இல்லை. ஆனால் எடிட்டர்களுக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். ‘இவர்களுக்கு நாம் முக்கியமா?’ என்று அன்று கேட்க ஆரம்பித்தவர்கள் பலர் அடோபியின் பிரீமியருக்கோ திரும்ப அவிட்டுக்கோ போனார்கள். டவருக்கோ 2012 ஜூனில் பேருக்கு ஒரு மாற்றம். கோபமாக எழுதிய ஒரு வாடிக்கையாளருக்கு, அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் நல்லதாக ஒன்று வருகிறது என்று அப்போதைய ஆப்பிள் தலைவர் டிம் குக்கே மெயிலில் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஐரோப்பாவிலோ, மின் பாதுகாப்பு விதி மாறியபோது அதற்கேற்ப டவரின் ஃபேனுக்கு மூடி போட்டுத் தருவதைவிட, 2013 மார்ச் முதல் அங்கே விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

சொன்ன மாதிரியே 2013 டிசம்பரில் புது மேக் ப்ரோ வந்தது. கறுப்பு உருளை. கால் மீட்டர் உயரம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. குப்பைத்தொட்டி என்று பேரும் வந்தது.

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதன் வயிற்றிலிருந்து வந்ததுதான். உள்ளே முக்கோணமாக ஒரு உலோகத் தூண். அதன் ஒரு பக்கத்தில் ப்ராசஸர், மற்ற இரண்டு பக்கங்களில் இரண்டு ஏஎம்டி ஃபயர்ப்ரோ கிராஃபிக்ஸ் சிப்புகள். மூன்றின் சூட்டையும் அந்தத் தூண் உறிஞ்சும். தலைக்கு மேல் ஒரே ஒரு ஃபேன் அதை வெளியே இழுக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் மூன்று பேர் ஒரே ஃபேனுக்குக் கீழே படுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூவரும் சம அளவு உடம்போடு இருக்கும்வரை சண்டையில்லை. ஒருவர் மட்டும் இரண்டு மடங்கு இடம் கேட்டால் ஏற்பாடு குலைந்துவிடும். உலகம் அப்படித்தான் போனது. இரண்டு நடுத்தர கிராஃபிக்ஸ் சிப்புகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று ஆப்பிள் நினைத்தது. மென்பொருள் எழுதுகிறவர்களோ ஒரே பெரிய கார்டை நம்பி எழுதினார்கள். அந்த ஒரு கார்டுக்கே 250, 300 வாட் வேண்டும். உருளையின் மொத்த பவர் சப்ளையே 450 வாட். ஹார்ட் டிஸ்க் வைக்க உள்ளே இடமில்லை, கார்டு செருக ஸ்லாட் இல்லை. எல்லாவற்றையும் தண்டர்போல்ட் வயரில் வெளியே தொங்கவிட்டார்கள். அழகான உருளையைச் சுற்றி வயர்க் காடு.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒன்றும் வரவில்லை. 2017 ஏப்ரலில் ஆப்பிள் தன் வழக்கத்துக்கு மாறாக ஒரு காரியம் செய்தது. சில பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தவறிவிட்டோம் என்றது. சூட்டு விஷயத்தில் நாங்களே எங்களை ஒரு மூலையில் அடைத்துக்கொண்டோம் என்ற பொருளில் மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பேசினார். புது டவர் வரும், ஆனால் இந்த வருஷம் இல்லை என்றார்கள். அந்தச் சந்திப்பில் அப்போதைய மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர் சொன்ன கணக்குதான் எனக்கு அதைவிட முக்கியம். விற்கும் மேக்குகளில் எண்பது சதவீதம் மடிக்கணினி. மேக் ப்ரோவின் பங்கு ஒற்றை இலக்க சதவீதம். வன்பொருள் விவாதங்களில் பாதியை இந்த ஒரு கணக்கு முடித்துவைத்திருக்க வேண்டும்.

அதே சமயம் மடிக்கணினியிலும் சரியில்லை. 2016 மேக்புக் ப்ரோவில் ஹெட்ஃபோன் துளையைத் தவிர எல்லாத் துளையும் ஒரே மாதிரி யூஎஸ்பி-சி ஆகிவிட்டது. மெமரி கார்டு செருகும் இடம் போய்விட்டது, எச்டிஎம்ஐ போய்விட்டது. ரேம் 16 ஜிபிக்கு மேல் கிடையாது.

கல்யாண வீடியோக்காரர்களின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் முகூர்த்தம். மாலை ரிசப்ஷனில் எல்ஈடி திரையில் காலையில் நடந்ததை மூன்று நிமிடப் படமாகக் காட்டவேண்டும். ‘சேம் டே எடிட்’ என்று இதற்கே தனி ரேட். மண்டபத்தில் மணமகன் அறைக்குப் பக்கத்தில் சேர் போட்டு, மடியில் மெஷினை வைத்துக்கொண்டு, கேமராவிலிருந்து கார்டை உருவி எடுத்து எடிட் பண்ணுகிறவருக்கு, கார்டு போகும் துளை என்பது ஒரு வசதி மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் ஒரு டாங்கிள் வேண்டும். டாங்கிள் என்பது கார்டையும் யூஎஸ்பி-சி துளையையும் இணைக்கும் கட்டைவிரல் அளவுப் பொருள். பந்தி நடக்கிற இடத்தில் அது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்த ஒரு கல்யாணத்தில் அது பூக்கூடைக்குள் கிடந்தது. கிடைக்கும்போது மணி ஆறே முக்கால். அதிலிருந்து அந்தக் குழுவில் ஆளுக்கு இரண்டு டாங்கிள் வைத்திருப்பார்கள்.

அந்தத் தலைமுறையின் கீபோர்டு இன்னொரு கதை. மெலிசாக வேண்டும் என்று பட்டனுக்குக் கீழே ‘பட்டர்ஃப்ளை’ என்ற அமைப்பை வைத்தார்கள். ஒரு தூசு உள்ளே போனால் எழுத்து விழாது, அல்லது இரண்டு தடவை விழும். 2018 ஜூனில் இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் திட்டம் அறிவித்தார்கள். 2022-இல் அமெரிக்காவில் ஐந்து கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தோண்டிப்போட்ட ஊரில் தூசுக்கு அஞ்சும் கீபோர்டை என்ன செய்வது? பழைய கத்தரி அமைப்பே 2019 நவம்பரில் 16 அங்குல மாடலில் திரும்ப வந்தது.

2019 டிசம்பரில் டவரும் திரும்ப வந்தது. மீண்டும் சல்லடை. எட்டு ஸ்லாட். 28 கோர் வரை ஜியான், 1.5 டெராபைட் வரை ரேம். கேட்டதை எல்லாம் கொடுத்தார்கள் என்றே சொல்லவேண்டும், விலையைத் தவிர: தொடக்கம் 5,999 டாலர். உருட்டிச் செல்லச் சக்கரம் வேண்டுமென்றால் 400 டாலர் தனியாக. கூடவே வந்த மானிட்டருக்கு ஸ்டாண்டு மட்டும் 999 டாலர், மானிட்டர் தனி. உலகமே சிரித்தது. எங்கள் பக்கம் யாரும் சிரிக்கக்கூட இல்லை. அந்தக் காசில் வடபழனியில் எடிட் சூட்டுக்கு எத்தனை மாத வாடகை கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

ஆனால் அந்த டவர் வந்து ஆறே மாதத்தில் கதை மாறிவிட்டது. 2020 ஜூனில், இன்டெல்லை விட்டுவிட்டுச் சொந்த சிப்புக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 2019 டவரை 2023 ஜூன் வரை விற்றார்கள். 2025-இல் வந்த டஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக்ஓஎஸ். ஆகவே 2023 வசந்தத்தில் பல லட்சம் கொடுத்து ஒருவர் அந்த டவரை வாங்கியிருந்தால், மூன்றே வருஷத்தில் புதுப் பதிப்புகளின் வாசல் அவருக்கு மூடிவிட்டது. இதில் எனக்கு உறுத்துவது விலை இல்லை, முன்கூட்டிச் சொல்லாததுதான். லெனோவோ, டெல், எச்பி போன்றவர்கள் ஒர்க்ஸ்டேஷன் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்களிடம் அடுத்து என்ன வருகிறது என்று ஓரளவு சொல்லிவைப்பார்கள். ஆப்பிள் ஐபோனைக் காப்பாற்றும் அதே ரகசியத்தில் டவரையும் காப்பாற்றியது. ஐபோனுக்கு அது விளம்பரம். ஐந்து வருஷக் கடனில் மெஷின் வாங்குகிறவருக்கு அது தலைவலி.

சரி, சொந்த சிப்பு தொழில்காரர்களுக்கு என்ன கொடுத்தது? இங்கே நான் ஆப்பிள் பக்கம்தான் நிற்பேன்.

சாதாரண கணினியில் ப்ராசஸருக்கு ஒரு ரேம், கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாக ஒரு ரேம். வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று நகலெடுக்கப்பட்டுப் போய்வந்துகொண்டே இருக்கும். ஆப்பிள் சிப்பில் இருவருக்கும் ஒரே நினைவகம். ஒரு சமையலறையில் இரண்டு பேர் சமைப்பது மாதிரி. காய் நறுக்கியவர் தட்டைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. அந்த நினைவகமும் சிப்பை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் போக்குவரத்து வேகம் பயங்கரம். 2021-இன் எம்1 மேக்ஸ் சிப்பு நொடிக்கு 400 ஜிபி கடத்தியது. 2025 மார்ச்சில் வந்த எம்3 அல்ட்ராவில் அது 800 ஜிபியைத் தாண்டியது. இரண்டு ரேம் குச்சி செருகிய வழக்கமான டிடிஆர்5 கணினி நூறைத் தொடுவதே கஷ்டம்.

இதற்கு விலையும் இருக்கிறது. இவ்வளவு அகலமான பாதையைக் குச்சியிலும் துளையிலும் கொண்டுவருவது கடினம். ரேமை சிப்போடு சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அதில் வேலையில்லை. ஆகவே ‘காசு பிடுங்கத்தான் ரேமை ஒட்டிவைத்திருக்கிறார்கள்’ என்பது முழு உண்மை இல்லை. முழுப் பொய்யும் இல்லை: எம்3 மேக்புக் ஏரில் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்கு ஏற இந்தியாவில் 20,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். பொறியியல் காரணத்துக்காக மூடிய கதவில், வியாபாரக் காரணத்துக்காகப் பூட்டும் தொங்குகிறது. எஸ்எஸ்டி விஷயத்தில் இந்தச் சமாதானமும் எடுபடாது. மேக் ஸ்டூடியோவைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதன் எஸ்எஸ்டி தனித் துண்டாக ஸ்லாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். ஆனால் அதை நாமே மாற்றிக்கொள்ள ஆப்பிள் வழி வைக்கவில்லை.

வீடியோ ஆட்களுக்கு இன்னொரு லாபம். ப்ரோரெஸ் என்பது 2007-இல் ஆப்பிள் கொண்டுவந்த வீடியோ வடிவம். ஆரி அலெக்ஸா போன்ற சினிமா கேமராவே நேரடியாக அதில் பதியும் அளவுக்கு அது தொழிலின் பொது மொழியாகிவிட்டது. 2019 டவரில் ப்ரோரெஸ்ஸை வேகமாக ஓட்ட ‘ஆஃப்டர்பர்னர்’ என்று 2,000 டாலருக்கு ஒரு கார்டு விற்றார்கள். இரண்டே வருஷத்தில், 2021 அக்டோபரில் வந்த மேக்புக் ப்ரோவின் சிப்புக்குள் அந்த வேலை அடங்கிவிட்டது, எழுதும் வேலையும் சேர்த்து. அதே மாடலில் கார்டு துளை திரும்பியது, எச்டிஎம்ஐ திரும்பியது. கீபோர்டின் மேல் வரிசைப் பட்டன்களுக்குப் பதிலாக வைத்த டச் பார் என்ற தொடுதிரைப் பட்டை போனது. ஐந்து வருஷம் கழித்துச் சொன்னதைக் கேட்டார்கள். ஈசிஆரில் கேரவன் நிழலில் உட்கார்ந்து, படப்பிடிப்பு நடக்கும்போதே ஸ்பாட் எடிட் செய்கிறவரைக் கேட்டுப்பாருங்கள். சார்ஜர் இல்லாமல் அரை நாள் ஓட்டுகிறார். மே மாத வெயிலிலும் மடி சுடவில்லை. அவரைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் கேள்வியே அநாவசியம்.

டி.ஐ., கிராஃபிக்ஸ் பக்கம் போனால் பேச்சு மாறும். அங்கே கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியாதான் ராஜா. கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் ரெண்டர் மென்பொருள்கள் பலவும், அந்தக் கார்டில் கணக்கு ஓட்ட அது தரும் ‘கூடா’ என்ற மென்பொருள் தளத்தை நம்பி வளர்ந்தவை. 2008 வாக்கில் மேக்புக் ப்ரோவிலிருந்த சில என்விடியா சிப்புகள் பழுதானதிலிருந்தே இரு கம்பெனிகளுக்கும் ஒட்டவில்லை. மேக்ஓஎஸ்ஸின் 2018 மொஹாவே பதிப்பிலிருந்து புது என்விடியா கார்டுகளுக்கு மேக்கில் டிரைவரே கிடையாது. 2019 நவம்பரில் வந்த கூடா 10.2-தான் மேக்கைக் கண்டுகொண்ட கடைசிப் பதிப்பு. அதற்கப்புறம் கிராஃபிக்ஸ் கம்பெனிகள் யோசிக்கவே இல்லை. லினக்ஸ், விண்டோஸ் பெட்டிகளுக்குப் போய்விட்டார்கள். ரெண்டருக்கென்றே வரிசையாக வைத்த கணினிகளான ரெண்டர் ஃபார்ம் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளுக்கு 2021-இல் ஆப்பிள் காசும் ஆளும் கொடுத்து, 2022 மார்ச்சில் மேக்கின் சொந்த கிராஃபிக்ஸ் தளமான மெட்டல் வழியாக ரெண்டர் ஓட வைத்தது. நல்ல காரியம். ஆனால் போன ஆட்கள் போனவர்கள்தான்.

அப்படியென்றால் டவர்? 2023 ஜூனில் எம்2 அல்ட்ராவோடு மேக் ப்ரோ வந்தது. பெரிய பெட்டி, ஏழு ஸ்லாட், 6,999 டாலர். இந்தியாவில் தொடக்க விலை 7,29,900 ரூபாய். அதே சிப்பு, அதே அளவு நினைவகத்தோடு மேக் ஸ்டூடியோ 3,999 டாலர். மூவாயிரம் டாலர் வித்தியாசமும் அந்த ஸ்லாட்டுகளுக்காக. அந்த ஸ்லாட்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டு போட முடியாது. ரேமும் ஏற்ற முடியாது. 192 ஜிபியோடு நிற்கும், பழைய டவர் 1.5 டெராபைட் வரை போனது. மிச்சமிருப்பது சவுண்ட் ஸ்டூடியோக்களின் ஆடியோ கார்டு, வீடியோ கேப்சர் கார்டு, வேகமான நெட்வொர்க் கார்டு, எஸ்எஸ்டி கார்டு. அவற்றையும் தண்டர்போல்ட் பெட்டியில் வெளியே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் 2025 மார்ச்சில் எம்3 அல்ட்ரா வந்தபோது அது மேக் ஸ்டூடியோவுக்குத்தான் கிடைத்தது, டவருக்கு இல்லை. கல்யாண வீட்டில் பெரியப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டு, பேசவேண்டியதை மாப்பிள்ளையிடம் பேசுவார்களே, அந்த மாதிரி.

அந்த மேக் ஸ்டூடியோவின் 512 ஜிபி நினைவகத்துக்கு எதிர்பாராத ஒரு கூட்டம் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஓஎம்ஆர் பக்கம் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தன் மேசையிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள். என்விடியாவின் கடை விலைக் கார்டுகளில் பெரியதான 5090-இலேயே 32 ஜிபிதான். பெரிய மாதிரி அதற்குள் நுழையாது. ஸ்டூடியோவில் நுழைகிறது. வேகம் என்விடியா அளவுக்கு இல்லை, ஆனால் ஓடுகிறது. ஆக, தொழில்முறை ஆட்களை ஆப்பிள் கைவிட்டது என்பதும் சரியாக வரவில்லை. ஆட்களை மாற்றிக்கொண்டது.

காரணம் தேட ரொம்ப தூரம் போகவேண்டாம், ஸ்ரீபெரும்புதூர் வரை போனால் போதும். அங்கே ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் செய்கிறார்கள். ஷிஃப்ட் பஸ்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும். 2024 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் ஆப்பிளின் வருமானம் 39,100 கோடி டாலர். அதில் ஐபோன் மட்டும் 20,100 கோடி. மேக் மொத்தமும் சேர்ந்து 3,000 கோடி, எட்டு சதவீதத்துக்கும் கீழே. அந்த எட்டிலும் டவர் ஒரு துணுக்கு. ஐபோனை அறிவித்த 2007 ஜனவரி மேடையிலேயே கம்பெனியின் பெயரிலிருந்து ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். இந்த அளவில் இருக்கும் ஒரு கம்பெனி டவருக்கென்று தனி சிப்பு செய்யாது. ஐபோனுக்குச் செய்த சிப்புக் குடும்பத்தையே பெரிதாக்கி, இரண்டை ஒட்டி அல்ட்ரா என்கிறது. அந்தக் குடும்பத்தின் பலம் அப்படியே வருகிறது: குறைந்த மின்சாரம், நல்ல வேகம். பலவீனமும் அப்படியே வருகிறது. ஃபோனில் யாரும் ரேம் மாற்றுவதில்லை.

இந்தப் பலவீனம் மற்ற ஊர்களைவிட சென்னையில் கொஞ்சம் அதிகம் உறைக்கும் என்று நினைக்கிறேன். இங்கே தொழில் நடப்பதே பழுது பார்ப்பதை நம்பித்தான். பட ரிலீஸ் வெள்ளிக்கிழமை என்றால் புதன் ராத்திரி மெஷின் படுத்துக்கொள்ளும். வியாழன் காலை பத்து மணிக்கு மவுண்ட் ரோடு சந்துக்குள் போய் பார்ட் வாங்கி மத்தியானத்துக்குள் எழுப்பிவிடுவார்கள். திறக்கிற பெட்டியில் அது நடக்கும். திறக்காத பெட்டியில் சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கவேண்டும். ஆப்பிளின் சொந்தக் கடைகள் 2023-இல் மும்பைக்கும் டெல்லிக்கும் வந்தன, 2025 செப்டம்பரில் பெங்களூருக்கும் புனேவுக்கும். அந்த வரிசையில் சென்னை இல்லை. விற்பனையை நிறுத்தி ஐந்து வருஷமான மாடலை ‘விண்டேஜ்’ என்றும், ஏழு வருஷமானதை வழக்கொழிந்தது என்றும் கம்பெனி வகைப்படுத்தும். அதன்பிறகு பார்ட்டும் சர்வீஸும் எதிர்பார்க்க முடியாது. மடிக்கணினியில் எஸ்எஸ்டியும் போர்டோடு ஒட்டியது. போர்டு செத்தால் உள்ளே இருந்த டேட்டாவும் பெரும்பாலும் போச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த டவர்களிலிருந்து டிஸ்க்கை உருவி, காயவைத்து, வேறு பெட்டியில் செருகிப் படத்தைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். இனி அந்தக் கதைக்கு இடமில்லை. பேக்கப்தான் ஒரே வழி.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. எடிட்டுக்கு ஸ்டூடியோ. பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்த இரண்டு ராய்ட் பெட்டியில் பேக்கப், ஒன்று இங்கே, ஒன்று வீட்டில். டி.ஐ.க்கு வெளியே லேபில் லினக்ஸ் மெஷினில் கொடுத்துவிடுகிறார். ஸ்டூடியோ படுத்தால் சரிசெய்வார் என்பதில்லை, நாள் வாடகைக்கு இன்னொன்று எடுப்பார். அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். ‘அப்ப அந்த டவரை எதுக்கு வச்சிருக்கீங்க?’ என்று கேட்டேன். அலமாரியைக் காட்டினார். 2000-களில் எடுத்த படங்களின் ரஷ்ஷஸ், அதாவது வெட்டாத மூலக் காட்சிகள் வைத்த ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வகை ஹார்ட் டிஸ்க்குகள், மேல் தட்டு முழுக்க. புது டஹோவில் ஃபயர்வயருக்கு ஆதரவே கிடையாது. டவரில் ஃபயர்வயர் துளை நான்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. எப்போதாவது ஒரு தயாரிப்பாளர் பழைய படத்தை ஓடிடிக்குக் கொடுக்கவேண்டும் என்று வருவார். அன்றைக்கு மேசைக்குக் கீழே குனிந்து பவர் பட்டனை அழுத்துவார் நண்பர். ஃபேன் உறும ஆரம்பிக்கும்.